நூறு ரூபாய்க்கு மூணு கிலோ

“மூணு கிலோ நூறு, மூணு கிலோ நூறு, பெல்லாரி வெங்காயம் மூணு கிலோ நூறு!”

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலோ நெல்லித்தோப்பிலோ குடியிருப்பவர்களுக்கு இந்தக் குரல் பழக்கம். லோடு ஆட்டோவின் மேல் கட்டிய ஒலிபெருக்கியில் பதிவுசெய்து ஓடவிட்டது; ஆட்டோக்காரர் வாயைத் திறக்கவே வேண்டாம். ஒரு கிலோ போதும் என்று கேட்டால்தான் திறப்பார்: “ஒரு கிலோல்லாம் போடறதில்லக்கா, மூணா எடுத்துக்குங்க.” அதே வெங்காயம் தெருமுனை மளிகைக் கடையில் கிலோ 32 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறை மூன்றால் வகுத்தால் 33 ரூபாய் 33 பைசா. ஆட்டோவில் வாங்குகிறவர் கிலோவுக்கு ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறார், தேவைக்கு மேல் இரண்டு கிலோவையும் வீட்டுக்குச் சுமந்துவருகிறார். ஆனாலும் மலிவாக வாங்கிய திருப்தி அவருக்குத்தான். நூறும் மூன்றும் காதில் அவ்வளவு சுலபமாக விழும் எண்கள்.

மளிகைக் கணக்கின் சூட்சுமம் அலகில் இருக்கிறது. எந்த அலகில் விலை சொல்வது என்பதை விற்பவர் முடிவுசெய்கிறார். வாங்குபவர் அதைத் தனக்குத் தெரிந்த ஒரே அலகுக்கு, கிலோவுக்கோ லிட்டருக்கோ, மாற்றிக்கொண்டால்தான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும். பள்ளியில் ‘ஓரலகு முறை’ என்று சொல்லிக்கொடுத்த கணக்கு இதுதான். 12 பேனா 60 ரூபாய் என்றால் 1 பேனா எவ்வளவு, அதிலிருந்து 7 பேனா எவ்வளவு. பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள்கூடப் பல்பொருள் அங்காடியில் தள்ளுவண்டியோடு நிற்கும்போது அதை மறந்துவிடுகிறார்கள்.

ஆட்டோக்காரர் கையாளும் முறை புதிதல்ல. ‘கிலோ இத்தனை ரூபாய்’ என்று சொல்லாமல் ‘இத்தனை ரூபாய்க்கு இத்தனை கிலோ’ என்பது பழைய வழக்கம். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் தானிய விலையை ரூபாய்க்கு எத்தனை சேர் என்றே குறித்துவைத்தார்கள். இந்த முறையில் விலை ஏறினால் எண் இறங்கும். 1967 தேர்தலில் அண்ணா சொன்ன ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்பதும் இதே வாய்பாடுதான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கிலோவும் லிட்டரும் சட்டப்படி வந்தாகிவிட்டது. ஆனால் வாக்காளருக்குப் படிதான் புரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விகிதத்தைத் தலைகீழாகச் சொன்னாலும் கணக்கு ஒன்றுதான், காதில் விழும் விதம்தான் வேறு. ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்பதில் கைக்கு வருவது கண்ணுக்குத் தெரிகிறது. ‘படி 33 பைசா’ என்று சொல்லியிருந்தால் தேர்தலில் ஜெயித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கும் குபேர் அங்காடியை ஊரார் பெரிய மார்க்கெட் என்பார்கள். உள்ளே போனால் ஒரே கூரையின்கீழ் எத்தனை அலகுகள்! வஞ்சிரம் கிலோவில் நிற்கும். மத்தியும் நெத்திலியும் கூறு கட்டியிருக்கும். கீரை கட்டு, வாழைப்பழம் சீப்பு, மல்லிகை முழம், முருங்கைக்காய் எண்ணிக்கை. பூக்காரம்மாவின் முழம் அவர் கையின் நீளம். அடுத்த கடைக்காரம்மாவுக்குக் கை சற்று நீளமாக இருக்கலாம். கூறில் ஒரு நியாயமும் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஐம்பது ரூபாய்க் கூறில் இருக்கும் மீனைவிட மதியம் பன்னிரண்டு மணிக்கு அதே ஐம்பது ரூபாய்க் கூறில் மீன் அதிகம் இருக்கும். ஐஸ் உருக உருக விலை இறங்குகிறது, ஆனால் சொல்லும் விலை மாறவில்லை. எடைபோட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றுபோலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெட்டுப்போகும் சரக்கை விலைபேசும் நேர்த்தியான வழி இது. கண்ணால் அளக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தேங்காயில் மட்டும் கவனம் வேண்டும். எண்ணிக்கையிலும் விற்கிறார்கள், எடையிலும் விற்கிறார்கள். காய் ஒன்று 30 ரூபாய், கிலோ 70 ரூபாய் என்று இரண்டு கடைகள் இருந்தால், 430 கிராமுக்கு மேல் எடையுள்ள காயை எண்ணிக்கைக் கடையில் வாங்குவது லாபம்; அதற்குக் குறைந்த காயை எடைக் கடையில் வாங்க வேண்டும். பெரிய காயாகப் பொறுக்கித் தட்டிப்பார்த்து எடுக்கிற பாட்டிமார்கள் இந்த வகுத்தலைப் போடுவதில்லை. விடை அவர்கள் கையில் இருக்கிறது.

அந்தக் கை எங்கே பழகியது என்பதைப் பற்றிப் புதுச்சேரியிலேயே ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். செயிண்ட் லூயி வீதியில், கடலைப் பார்த்தபடி இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கணித வரலாற்றாய்வாளராகப் பணியாற்றும் செந்தில்பாபு, தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் ஓலையில் எழுதியும் சத்தமாக ஒப்பித்தும் கற்ற எண்சுவடிகளை விரிவாக ஆராய்ந்து 2022-இல் நூலாக வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் பொன்னிலக்கத்தையும் நெல்லிலக்கத்தையும் மனப்பாடம் செய்தார்கள். எண் தனியாக, அளவை தனியாக அவர்கள் கற்கவில்லை. நெல்லின் அளவையே ஒரு எண்வரிசை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. அதற்கு மேல் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம்.

இந்த இரட்டிப்பில்தான் மனக்கணக்கின் வசதி இருக்கிறது. ஒரு நாழியின் விலை தெரிந்தால் பாதியாக்கி உரியின் விலை, அதையும் பாதியாக்கி உழக்கின் விலை சொல்லிவிடலாம். கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களும் பாதிபாதியாகவே இறங்கின. பின்னால் கிலோ வந்தபோதும் நம் மளிகைக் கடை இந்தப் பழக்கத்தை விடவில்லை. அரைக் கிலோ, கால் கிலோ, நூறு, ஐம்பது என்றே சிட்டை எழுதினோம். துவரம்பருப்பு கிலோ 160 என்றால் கால் கிலோ 40 என்று கேட்ட மாத்திரத்தில் சொல்ல முடிந்தது.

285 கிராமைப் பாதியாக்க முடியுமா?

பாதியாக்க வராத இப்படிப்பட்ட எடைகளுக்கு மாறியதுதான் பாக்கெட் சரக்கில் நடந்த மாற்றம். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் ஒரு அட்டவணை இருந்தது. பிஸ்கட், தேயிலை, காபி, சமையல் எண்ணெய், பால் பவுடர், சோப்புத்தூள் என்று 19 வகைப் பொருட்களை இன்னின்ன எடையில் மட்டுமே அடைக்கலாம் என்று அது சொன்னது. 2021 நவம்பரில் மத்திய அரசு அந்த அட்டவணையை நீக்கியது. எந்த எடையிலும் அடைத்துக்கொள்ளலாம், ஆனால் ஓர் அலகுக்கு என்ன விலை என்பதை எம்.ஆர்.பி.யோடு சேர்த்து அச்சிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2022 ஏப்ரல் 1 என்று நாள் குறித்து, பிறகு தள்ளிவைத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். காரணம் நியாயமானதுதான். எடை சுதந்திரம் கம்பெனிக்கு, அலகு விலை வாங்குபவருக்கு.

இனி, வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘கிராமுக்கு ரூ. 0.38’ என்பதுபோல ஒன்று ஆங்கிலத்தில் இருக்கும். அதுதான் அலகு விலை. விதி இப்படிச் சொல்கிறது: ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு விலை, ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கிலோவுக்கு விலை. எண்ணெய்க்கும் அப்படியே, மில்லி லிட்டர், லிட்டர். இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்க வேண்டும்.

முதல் சங்கடம், 900 கிராம் கோதுமை மாவுப் பாக்கெட்டில் ‘0.06’ என்றும் 5 கிலோ பாக்கெட்டில் ‘58.00’ என்றும் இருக்கும். இரண்டும் ஒரே பொருள், ஒரே கம்பெனி. ஒப்பிட வேண்டுமானால் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. கிராமுக்கு எத்தனை பைசாவோ அதைப் பத்தால் பெருக்கினால் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பது வந்துவிடும். மஞ்சள்தூள் கிராமுக்கு 38 பைசா என்றால் கிலோ 380 ரூபாய். இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் கால்குலேட்டர் வேண்டாம்.

இரண்டாவது சங்கடத்துக்குச் சுருக்குவழி இல்லை. இரண்டு தசம இடம் என்றால் பைசாவோடு நின்றுவிடுகிறோம். கிராமுக்கு அரைப் பைசா மேலேயோ கீழேயோ போனது முழுமையாக்கலில் மறைந்துவிடும். கிராமுக்கு அரைப் பைசா என்பது கிலோவுக்கு ஐந்து ரூபாய். அரைக் கிலோ ரவை ஒரு கம்பெனியில் 28 ரூபாய், இன்னொன்றில் 32 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். முதலாவது கிராமுக்கு 0.056; இரண்டாவது 0.064. இரண்டு பாக்கெட்டிலும் அச்சாவது 0.06. கிலோவுக்கு எட்டு ரூபாய் வித்தியாசம் சட்டப்படியே காணாமல் போகிறது. ஏலக்காய், முந்திரி, காபித்தூள் என்று கிராமுக்குப் பல பைசாவோ ரூபாயோ ஆகிற பொருட்களில் இது பெரிய பிழை இல்லை. உப்பு, ரவை, மாவு, அவல் ஆகியவற்றில்தான் கை கடிக்கும். அலகு விலை யாருக்கு மிகவும் தேவையோ, அவர்கள் அதிகம் வாங்கும் மலிவுச் சரக்கில்தான் அது பயனற்றுப்போகிறது.

எண்ணெயின் கதை வேறு. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது. சுமார் 910 கிராம்தான். செக்கு எண்ணெய்க் கடைகளில் சிலர் லிட்டரில் விற்கிறார்கள், சிலர் கிலோவில். நல்லெண்ணெய் லிட்டர் 300, எதிர்க்கடையில் கிலோ 320 என்றால் முதல் கடை மலிவு என்று தோன்றும். 300-ஐ 0.91-ஆல் வகுத்தால் கிலோ கிட்டத்தட்ட 330. நெய்யிலும் இதே கதைதான். அரை லிட்டர் ஜாடியும் 500 கிராம் ஜாடியும் ஒன்றல்ல. எண்ணெய் சூடானால் விரியும் என்பதும் இதில் சேர்கிறது. சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் சுமார் 919 கிராம் இருக்கும். 60 டிகிரியில் 893 கிராம்தான். சில கம்பெனிகள் அளவை அதிக வெப்பநிலையில் குறிப்பிட்டு எடையைக் குறைத்துக்கொண்டன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் அளவையும் எடையையும் சேர்த்து அச்சிடும்படி சொன்னது. இப்போது லிட்டர் பாக்கெட்டில் எடையும் இருக்கும். அதைப் பார்த்து வாங்குவது பழகிவிட்டால் போதும்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்ற நம்பிக்கையை நம்ம ஊர்ப் பக்கமே உடைத்திருக்கிறது. ஷாம்பூவைச் சின்ன உறையில் அடைத்து விற்பதைப் பரவலாக்கிய சின்னி கிருஷ்ணன், புதுச்சேரிக்குத் தெற்கே 20-சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிற கடலூர்க்காரர். 6 மில்லி உறை ஒரு ரூபாய் என்றால் மில்லி 17 பைசா. அதே ஷாம்பூ 180 மில்லி பாட்டில் 120 ரூபாய் என்றால் மில்லி 67 பைசா. இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால் ஷாம்பூவில் உறை மலிவு, பாட்டில் விலை அதிகம் என்பதை நீங்களே கடையில் வகுத்துப் பார்க்கலாம். 10 கிராம், 10 மில்லி வரையிலான உறைகளுக்குப் பொட்டலப் பொருள் விதிகளிலிருந்து விலக்கு உண்டு, அதனால் அலகு விலையை அங்கே தேடக் கூடாது. அரிசிச் சிப்பத்தில் வேறு வேடிக்கை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. கொஞ்ச நாளில் கடைகளில் 26 கிலோ சிப்பம் முளைத்தது. ஒரு கிலோ கூடியதும் வரி போய்விட்டது. 25 கிலோ சிப்பத்தையும் 26 கிலோ சிப்பத்தையும் பக்கத்தில் வைத்து மொத்த விலையைப் பார்க்கிறவர் ஏமாறுவார். கிலோவாக்கிப் பார்க்கிறவர் தப்பிப்பார்.

அரிசி என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வேறொரு கிலோக் கணக்கு. 2015 செப்டம்பரில், சண்டிகரோடு சேர்த்து, இந்த ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டம் வந்தது. எவ்வளவு பணம்? குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒன்றேகால் மடங்காக்கி, அதிலிருந்து ரேஷன் விலையைக் கழித்து வருகிற தொகை. அப்போது ரேஷன் அரிசி கிலோ 3 ரூபாய். டில்லியில் போட்ட ஓரலகுக் கணக்கு இது. இங்கே மளிகைக் கடையில் அரிசி என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பது அந்த வாய்பாட்டில் இல்லை.

அதோடு புதுச்சேரி அரசின் இலவச அரிசித் திட்டமும் இருந்தது. சிவப்பு ரேஷன் கார்டுக்கு மாதம் 20 கிலோ, மஞ்சள் கார்டுக்கு 10 கிலோ. துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதல்வர் நாராயணசாமிக்கும் நடுவே அரிசியா பணமா என்று நடந்த மோதலை ஊரே பார்த்தது. முதல்வர் அரிசி என்றார், ஆளுநர் பணம் என்றார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 2020 பிப்ரவரியில் ஆளுநர் பக்கம் முடிந்தது. சிவப்பு கார்டுக்கு 600 ரூபாய், மஞ்சள் கார்டுக்கு 300 ரூபாய். எந்தக் கார்டை வகுத்தாலும் கிலோ 30 ரூபாய்.

அந்த 30-ல்தான் முழு விவாதமும் இருந்தது. மாதாமாதம் வாங்குகிற அரிசி கிலோ 45 என்றால் 600 ரூபாய்க்கு 13 கிலோ சொச்சம்தான் வரும். 20 கிலோ என்று சட்டமன்றத்தில் பேசியது கடையில் 13 ஆகிறது. நிதி ஆயோகுக்காக ஜே-பால் ஆய்வு மையத்தினர் சண்டிகர், தாத்ரா நாகர் ஹவேலி, புதுச்சேரி ஆகிய இடங்களில் இந்தப் பணத் திட்டத்தை ஓராண்டு கண்காணித்தபோதும், அதே அளவு தானியத்தை வெளிச்சந்தையில் வாங்க வந்த பணம் போதவில்லை என்று பார்த்தார்கள். ஆனால் மறுபக்கமும் அதில் இருந்தது. நாளாக ஆகப் பணமே மேல் என்றவர்கள் கூடினார்கள். தரமான அரிசியாகப் பார்த்து வாங்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கிலோ விலை அரிசியின் தரத்தைச் சொல்லாது. ரேஷன் புழுங்கலும் பொன்னியும் ஒரே கிலோதான், ஒரே சோறு அல்ல.

அரிசிக்குப் பதில் பணம் என்றானபின் மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன், திரும்பத் திறந்தன. முதல்வர் ரங்கசாமி தொடங்கிவைத்தார். 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் கொடுத்தார்கள். எடையில் வாக்குக் கொடுத்தால் விலையேற்றம் அரசின் தலையில். ரூபாயில் கொடுத்தால் குடும்பத்தின் தலையில். எந்த அலகில் எழுதுகிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது.

புதுச்சேரியில் சொல்தா குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள், பாரிசுக்கும் இந்த ஊருக்கும் போய்வருகிறவர்கள். அவர்களைக் கேட்டால் அங்கே கடைத் தட்டின் விளிம்பிலேயே கிலோ விலை எழுதியிருக்கும் என்பார்கள். பிரான்சில் 1982 நவம்பர் அரசாணை ஒன்று அடைத்து விற்கும் சில உணவுப் பொருட்களுக்கு அலகு விலையைக் கட்டாயமாக்கியது. 1998-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதுக்கும் அப்படி ஒரு உத்தரவு வந்தது. 2024 ஜூலையிலிருந்து, பாக்கெட்டின் எடை குறைந்து கிலோ விலை ஏறியிருந்தால் பெரிய கடைகள் அதை அந்தச் சரக்குக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் எழுதிவைக்க வேண்டும் என்றும் அங்கே விதி. இங்கே பாக்கெட்டின் முதுகில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதை அங்கே கண்மட்டத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். பாக்கெட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒப்பிட்டுவிடலாம்.

நம் விதிக்கு அவ்வளவு பெரிய மாற்றம்கூட வேண்டாம். ‘கிராமுக்கு’ என்ற இடத்தில் ‘100 கிராமுக்கு’ என்றோ, எல்லா எடைக்கும் ‘கிலோவுக்கு’ என்றோ மாற்றினால் போதும். மேலே சொன்ன ரவையில் ஒன்று 5.60 என்றும் இன்னொன்று 6.40 என்றும் தெரியும். அதே தசம இடங்கள், அதே மை. விதி மாறும்வரை கடைக்காரர் கைகட்டிக் காத்திருக்கவும் தேவையில்லை. பில் போடும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சரக்கின் எடையும் விலையும் ஏற்கெனவே இருக்கிறது. தட்டில் ஒட்டும் விலைச்சீட்டில் கிலோ விலையையும் அச்சிடச் சொன்னால் அது வகுத்துக் கொடுத்துவிடும். நேரு வீதிக் கடைகளில் ஒன்று முதலில் செய்தால், பக்கத்துக் கடைக்காரர் எத்தனை நாள் செய்யாமல் இருப்பார் என்று பார்க்க எனக்கு ஆசை.